எழுவைதீவின் திருப்தியை எவ்வாறு அளப்பது?

உள்ளூராட்சி மன்றங்கள் தமது சேவைகள் குறித்துப் பொதுமக்கள் திருப்தியடைந்துள்ளனரா என்பதை அவர்களிடமே வினாக்கொத்து மூலம் கேட்டறியும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவிவிட்டது. வீதி எப்படி இருக்கிறது, தெருவிளக்கு எரிகிறதா, குப்பை ஒழுங்காக அகற்றப்படுகிறதா, அலுவலகத்துக்குச் சென்றால் உத்தியோகத்தர்கள் மரியாதையாக நடந்துகொள்கிறார்களா என்பவை வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள். மிகுந்த திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தியில்லை என நாலைந்து கட்டங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றில் அடையாளமிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

நல்ல வழக்கம் என்பதில் ஐயமில்லை. வாக்குக் கேட்டு வரும் நாளைத் தவிர மற்றெந்த நாளிலும் மக்களின் அபிப்பிராயத்தை நாடாத நமது ஆட்சிமுறையில் இத்தகைய முயற்சி எதுவாயினும் வரவேற்கத்தக்கதே. இலங்கைக்கும் இந்தச் சிந்தனை முற்றிலும் புதியதன்று. 2008ஆம் ஆண்டிலேயே பொது நிர்வாகச் சுற்றறிக்கை மூலம் அரச அலுவலகங்கள் பிரஜைகள் சாசனம் ஒன்றை வெளியிடவேண்டும் எனக் கூறப்பட்டது. எந்தச் சேவையை எத்தனை நாளில், எவரிடம், என்ன கட்டணத்தில் பெறலாம் என்று எழுதித் தொங்கவிடப்பட்ட பலகைகளை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். போருக்குப் பின் 2010இல் உலக வங்கியின் உதவியுடன் ஆரம்பமாகி, நெல்சிப் என்ற சுருக்கப் பெயரால் நம்மவர்க்கு அறிமுகமான வடக்கு கிழக்கு உள்ளூராட்சிச் சேவைகள் மேம்பாட்டுத் திட்டத்திலும் மக்கள் பங்கேற்பும் சமூகக் கணக்காய்வும் வலியுறுத்தப்பட்டன. எனவே 2025 மே மாதத் தேர்தலின் மூலம் மீண்டும் உயிர்பெற்ற நமது பிரதேச சபைகள் இத்தகைய படிவங்களுடன் மக்களிடம் வருமாயின் அதை வியப்புடன் நோக்கவேண்டிய அவசியமில்லை. வரவேண்டும் என்பதே நமது விருப்பமும்.

ஆயினும் அந்தப் படிவம் எழுவைதீவின் இறங்குதுறையில் வந்து இறங்கும்போது என்ன நிகழும் என்பதைச் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும். நகரத்துக்கென வகுக்கப்பட்ட ஓர் அளவுகோல் சிறு தீவொன்றை அளக்க முற்படும்போதுதான் அந்த அளவுகோலின் குறைகள் யாவும் வெளிச்சத்துக்கு வருகின்றன.

சப்த தீவுகள் என நாம் வாய்ப்பாடாக ஒப்புவிக்கும் வரிசையில் பெரும்பாலும் இறுதியில் உச்சரிக்கப்படும் பெயர் எழுவைதீவு. அவ்வேழினுள் மிகச் சிறியதும் அதுவே. பனைகளும் மீன்பிடியும் தாங்கிநிற்கும் வாழ்க்கை. குடியிருப்போர் சில நூறு பேர். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் போன்று தாம்போதியாலோ பாலத்தாலோ குடாநாட்டுடன் தொடுக்கப்பட்ட தீவன்று. ஊர்காவற்றுறைக்கு வந்து படகேறித்தான் அதனை அடையவேண்டும். நிர்வாகத்தில் அது தீவகம் வடக்கைச் சேர்ந்தது. ஊர்காவற்றுறைப் பிரதேச சபையின் எல்லைக்குள் அடங்குவது.

இத்தீவின் குடும்பத் தலைவி ஒருவரிடம் "பிரதேச சபையின் சேவைகள் குறித்துத் திருப்தியா?" என்று கேட்டால் அவர் எதைப் பற்றிப் பேசுவார்? முதலில் படகைப் பற்றிப் பேசுவார். காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, மாலையில் கடைசிப் படகைத் தவறவிட்டால் எங்கே தங்குவது, காற்றுக் காலத்தில் எத்தனை நாள் ஓடாது என்பவையே அவருடைய வாழ்க்கையின் நேரசூசி. பிறகு வைத்தியரைப் பற்றிப் பேசுவார். பிரசவ வேதனையையும் நெஞ்சுவலியையும் கடல் அனுமதிக்கும் நேரத்துக்கு ஒத்திவைக்க முடியாது. பிள்ளை உயர்தரம் படிக்கவேண்டுமானால் தீவை விட்டுப் போய்த் தங்கவேண்டியிருப்பதைப் பற்றிப் பேசுவார். ஆசிரியர் வெளியிலிருந்து வந்து திரும்புவதும் அதே படகில்தான் என்பதால் பாடசாலையின் கதையும் படகின் கதையாகவே முடியும். தெருவிளக்கின் கதை இவற்றுக்கெல்லாம் பின்னர்தான் வரும்.

இங்குதான் முதலாவது சிக்கல் எழுகிறது. அவர் முதலில் கூறிய எதுவும் பிரதேச சபையின் நேரடிப் பொறுப்பில் இல்லை. வைத்தியசாலை மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கு உரியது. பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு உரியது. மின்சாரத்துக்கு வேறு நிறுவனம். கடற்பயணமோ ஓர் இடத்திலும் முழுமையாகத் தங்காத பொறுப்பு. துறைமுகத்தின் பராமரிப்பு ஒருவரிடமும், படகின் சொந்தம் இன்னொருவரிடமும், மானியமோ எரிபொருளோ வழங்கும் அதிகாரம் மற்றொருவரிடமும் சிதறிக் கிடக்கிறது. எழுதாரகை எனப் பெயர் சூட்டி இத்தீவுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட பயணிகள் படகு, ஓடிய நாள்களைக் காட்டிலும் கட்டிக் கிடந்த நாள்களாலேயே செய்திகளில் அதிகம் இடம்பிடித்தது. பெயர் சூட்டுவதில் நாம் எப்போதும் பின்நிற்பதில்லை. படகை வாங்குவது ஒருமுறைச் செலவு, ஓட்டுவது தினச் செலவு என்ற எளிய கணக்கைத்தான் தள்ளிப்போடுகிறோம்.

ஆகவே சபையின் படிவம் சபையின் கடமைகளை மட்டும் பட்டியலிட்டுக் கேட்குமாயின், எழுவைதீவார் வீதியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் ஏதோவொரு கட்டத்தில் அடையாளமிட்டுக் கொடுத்துவிடுவர். அவர்களுடைய வாழ்க்கையை நிர்ணயிக்கும் விடயம் ஆய்வுக்குள் நுழையாமலே போய்விடும். "அது எங்களுக்குரியதல்ல" என்று சபை கூறுவது சட்டப்படி ஓரளவு சரிதான். ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஏனெனில், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றுடன் நின்றுவிடவில்லை. தன் எல்லைக்குள் வாழும் மக்களின் வசதி, சௌகரியம், நலன் என்பவற்றைப் பேணி மேம்படுத்துவதையும் அது சபையிடம் ஒப்படைத்திருக்கிறது. படகை ஓட்டும் வல்லமை சபைக்கு இல்லாதிருக்கலாம். படகைப் பற்றி மக்களிடம் கேட்டு, கிடைத்த பதிலை உரிய திணைக்களத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்து, பதில் வரும்வரை விடாது நிற்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது சிக்கல் சராசரி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் அறிந்த மாதிரியெடுப்பு முறை. ஆனால் அம்முறை செல்லுபடியாவதற்கு எல்லாச் சோறும் ஒரே பானையில், ஒரே அடுப்பில் வெந்திருக்கவேண்டும். ஒரு சபையின் எல்லைக்குள் பத்தாயிரம் பேர் வாழ்கிறார்கள், அவர்களில் ஐந்நூறு பேர் கடல்கடந்த தீவொன்றில் வாழ்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். நானூறு பேரிடம் கருத்துக் கேட்பது என்று முடிவானால், விகிதாசாரப்படி அத்தீவின் பங்கு இருபது பேர். எஞ்சிய 380 பேரில் ஐந்தில் நால்வர், அதாவது 304 பேர் திருப்தி என்கிறார்கள். தீவின் இருபது பேரும் ஒரே குரலில் இல்லை என்கிறார்கள். முடிவு என்ன? நூற்றுக்கு எழுபத்தாறு வீதம் திருப்தி! தீவு முழுவதும் திரண்டு மறுத்தும் எண்பது எழுபத்தாறானதைத் தவிர வேறெந்த அசைவும் இல்லை. எழுபத்தாறு வீதம் என்பது எந்தச் சபைக்கும் வாழ்த்துச் செய்தி. அந்த வாழ்த்துக்குள் ஒரு தீவே மூழ்கிப்போகும்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. சனத்தொகை குறைந்த பகுதிகளில் விகிதாசாரத்தை மீறிக் கூடுதலானோரிடம் கேட்பதும், முடிவுகளைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாகத் தனித்தனியே வெளியிடுவதும் புள்ளிவிபரவியல் அறிந்த எவருக்கும் தெரிந்த வழிமுறைகள். எழுவைதீவு போன்ற இடத்தில் மாதிரியெடுக்கவே தேவையில்லை. வீடுவீடாகச் சென்று எல்லாரிடமும் கேட்டுவிடலாம். கேட்பவர் காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பும் அவசரத்தை விட்டு இரண்டு மூன்று நாள் தங்கவேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் படிவத்தை ஏற்றிவிட்டு எல்லாரும் பங்குபற்றலாம் என அறிவித்துவிடுவது மலிவான வழி. அது கைத்தொலைபேசியும் நேரமும் உள்ள இளைஞரின் கருத்தை மட்டும் திரட்டித் தரும். கடலுக்குப் போனவரும் கண்பார்வை மங்கிய முதியவரும் அதில் இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது சிக்கல் இவ்விரண்டிலும் ஆழமானது. திருப்தி என்பது கிடைத்ததை எதிர்பார்த்ததுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் மனநிலை. எதிர்பார்ப்பே இல்லாதவனிடம் திருப்தியை அளக்க முற்படுவது அடியில்லாத படியால் நெல் அளப்பதற்கு ஒப்பானது. போதுமென்ற மனம் தனிமனித ஒழுக்கத்துக்கு அணியாக இருக்கலாம்; உள்ளூராட்சிக்கு அது பொய்ச்சாட்சி. நீண்ட போரும் இடப்பெயர்வும் கடந்து, அழிந்த வீட்டின் சுவரை மீண்டும் எழுப்பிக் குடியேறிய சமூகம் "ஏதோ இவ்வளவாவது செய்கிறார்களே" என்று சொல்லப் பழகிவிட்டது. அப்படிச் சொல்பவர் திருப்தி என்ற கட்டத்தில்தான் அடையாளமிடுவார். யாழ்ப்பாண நகரில் ஒருநாள் குப்பை வண்டி வராவிட்டால் தொலைபேசியில் முறைப்பாடு செய்பவரோ திருப்தியில்லை என்பார். இரண்டு பதிலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அதிகாரி, நகரத்துக்குத்தான் கூடுதல் கவனம் தேவை என முடிவு கட்டினால் அவரைக் குறைகூறவும் முடியாது. படிவம் அப்படித்தான் சொல்லும்.

எழுவைதீவின் மின்சாரம் இதற்குத் தக்க உதாரணம். தேசிய மின்வலையமைப்பு கடல் தாண்டி வராத இத்தீவுகள் நெடுங்காலம் டீசல் பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. 2016ஆம் ஆண்டளவில் இலங்கை மின்சார சபை எழுவைதீவில் காற்று, சூரிய ஒளி, மின்கலத் தொகுதி, டீசல் பிறப்பாக்கி என்பவற்றை ஒன்றிணைத்த கலப்பு மின்னமைப்பு ஒன்றை நிறுவியது. நாட்டுக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்ட திட்டம் அது. கலப்பு மின்னமைப்பு வந்த புதிதில் திருப்தியா என்று கேட்டிருந்தால் ஆம் என்ற பதில் ஓங்கி ஒலித்திருக்கும். இருளின் நினைவு அப்போது பசுமையாக இருந்திருக்கும். மின்சாரத்தில் குளிர்சாதனப் பெட்டி வாங்கி மீனைப் பாதுகாக்கப் பழகியபின் ஒரு மணிநேர மின்தடையும் நட்டமாகிவிடும். அப்போது அதே மனிதர் திருப்தியில்லை என்பார். இலக்கம் தாழ்ந்திருக்கும், வாழ்க்கை உயர்ந்திருக்கும்! இலக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது விளங்காது.

அதே மின்சாரத்தின் பெயரால் அயல் தீவுகளில் நிகழ்ந்ததையும் இங்கு நினைவுகூர்வது பொருத்தம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு இறுதியில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை எனக் குறிப்பிட்டு, சீனத் தரப்பு திட்டத்தை இடைநிறுத்தியதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையும், 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தமும் கைச்சாத்தாகின. கொழும்பும் பீஜிங்கும் புதுடில்லியும் இத்தீவுகளின் பெயரை அந்த மூன்றாண்டுகளில் உச்சரித்த அளவுக்கு அதற்கு முன் உச்சரித்திருக்கமாட்டா. அத்தனை ஆரவாரத்திலும் தீவில் வாழ்பவர் குரல் எங்கும் உரத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கப்படாமலே தீர்மானிக்கப்படுவதற்குப் பழக்கப்பட்ட மக்களிடம் திடீரெனப் படிவத்தை நீட்டி அபிப்பிராயம் கேட்டால் அவர்கள் சற்றுச் சந்தேகத்துடன் நோக்குவது இயல்பே.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வடக்கில் படிவம் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. குடும்ப விபரம், புகைப்படம், வந்தவர் போனவர் பெயர் என்று பதிவு செய்வதற்காக நீட்டப்பட்ட தாள்கள் பல. போர் முடிந்து ஈராண்டு நெருங்கும் வேளையிலும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் குடும்பங்களைப் பதிந்து வந்தனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதற்கெதிராக உயர்நீதிமன்றத்தை நாடினர். 2011 மார்ச்சில் அப்பதிவு நிறுத்தப்படும் எனச் சட்டமா அதிபர் தரப்பில் உறுதியளிக்கப்பட்டது. அந்த அனுபவம் உள்ள வீட்டில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்கும் திருப்தி ஆய்வுக்கு எத்தகைய பதில் கிடைக்கும்? நயமான பதில் கிடைக்கும். சபையின் உத்தியோகத்தரே படிவத்துடன் முற்றத்தில் நின்றால் இன்னும் நயமான பதில் கிடைக்கும். நாளைக்கு அவரிடமே ஒரு கடிதத்துக்குப் போய் நிற்கவேண்டியவர் இன்று அவர் முகத்துக்கு நேரே குறை சொல்வாரா? பெயர் கேட்காதிருப்பதும், கேட்பவர் சபையைச் சாராதவராக இருப்பதும் இத்தகைய ஆய்வின் அடிப்படை நிபந்தனைகள். பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்விக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

சபையைச் சாராதவர் கேட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதற்குத் தென்னாசியாவிலேயே சிறந்த சான்று பெங்களூர். இந்திய முகாமைத்துவக் கல்விக்கழகத்தின் அகமதாபாத் நிறுவனப் பணிப்பாளராக இருந்த சாமுவேல் போல் என்பவர், நகரின் பொதுச் சேவைகளைப் பயன்படுத்தும் மக்களிடம் கருத்துக் கேட்டு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பாடசாலைப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை போன்று ஒரு மதிப்பீட்டு அட்டையை 1994இல் வெளியிட்டார். அரசாங்கம் கேட்டு அவர் செய்யவில்லை. தண்ணீர், மின்சாரம், தொலைபேசி, நகர அபிவிருத்தி எனப் பல நிறுவனங்களும் அதில் வரிசைப்படுத்தப்பட்டன. எத்தனை முறை அலையவேண்டியிருந்தது, கையூட்டுக் கொடுக்கவேண்டியிருந்ததா என்பனவும் கேட்கப்பட்டன. பெங்களூர் அபிவிருத்தி அதிகார சபை குறித்துத் திருப்தி தெரிவித்தோர் நூற்றுக்கு ஒருவர் மாத்திரமே.

அந்த ஒரு வீதம் பத்திரிகையில் வெளிவந்தது என்பதே இக்கதையின் திருப்பம். கோப்புக்குள் உறங்கியிருந்தால் எவரும் அசைந்திருக்கமாட்டார்கள். அப்போதும்கூட உடனடியாக எதுவும் நிகழவில்லை. 1999இல் இரண்டாவது அட்டை வந்தபோது முன்னேற்றம் சொற்பமாகவே காணப்பட்டது. அவ்வாண்டு பதவிக்கு வந்த முதலமைச்சர் எஸ்.எம்.கிருஷ்ணா, நந்தன் நிலேகனி தலைமையில் பெங்களூர் செயற்றிட்டப் பணிக்குழுவை நியமித்தார். நிறுவனத் தலைவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் தாம் செய்யப்போவதைக் கூறவும், பின்னர் செய்ததைக் கணக்குக் காட்டவும் நேர்ந்தது. 2003இல் மூன்றாவது அட்டை வெளியானபோது அதே அதிகார சபை குறித்து எண்பத்தைந்து வீதமானோர் திருப்தி தெரிவித்தனர். ஒன்றிலிருந்து எண்பத்தைந்துக்கு ஒன்பதாண்டுகள். ஆய்வு மட்டுமே இதைச் சாதித்தது என்று கூறுவது மிகை; அரசியல் விருப்பமும், நகரின் செல்வச் செழிப்பும், பத்திரிகைகளின் விடாப்பிடியும் துணைநின்றன. ஆனால் அதே கேள்விகள், அதே முறையில், மூன்று தடவை கேட்கப்பட்டு மூன்று தடவையும் பகிரங்கப்படுத்தப்பட்டன. ஒருமுறை கேட்டுவிட்டு மறந்துபோகும் ஆய்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பின்னாளில் இந்திய மத்திய அரசு இதே எண்ணத்தைக் கையிலெடுத்தபோது அது வேறு வடிவம் கொண்டது. வாழ்வதற்கு ஏற்ற நகரங்களைத் தரப்படுத்தும் சுட்டெண்ணில் குடிமக்களின் அபிப்பிராயத்துக்கு முப்பது வீத நிறை கொடுக்கப்பட்டது. 2020இன் தொடக்கத்தில் 111 நகரங்களில் நடந்த கருத்துக்கணிப்பில் 32 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். 2021 மார்ச்சில் வெளியான தரவரிசையில் சென்னை நான்காம் இடத்தையும் கோயம்புத்தூர் ஏழாம் இடத்தையும் பெற்றன. எண்ணிக்கை பிரமிக்கத்தக்கதே. ஆனால் பங்குபற்றுங்கள் என்று விடுக்கப்படும் அழைப்பு, நமது நகரை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்ற அழைப்பாகத் திரிந்துவிடும்போது குறை கூறுபவன் ஊர்த் துரோகியாகிவிடுகிறான். பரீட்சை எழுதுபவரே புள்ளியிடுபவரிடம் வந்து கெஞ்சும் நிலை அது. நம் சபைகளும் சிறந்த சபைக்கான விருதுக்காக ஆய்வு நடத்தும் ஆசைக்கு ஆட்படாதிருக்கவேண்டும்.

இங்கிலாந்தில் உள்ளூர் மன்றங்கள் மக்களின் திருப்தியை அளந்தே ஆகவேண்டும் என்பது ஒருகாலத்தில் சட்டக் கடப்பாடாக இருந்தது. 2008இல் நாடு முழுவதும் ஒரே வினாக்கொத்துடன் ஆய்வு நடந்தது. இலண்டனில் வாழும் நம்மவர் வீடுகளுக்கும் அப்படிவங்கள் போயிருக்கும். 2010இல் ஆட்சி மாறியதும் வீண்செலவு என்று அக்கடப்பாடு நீக்கப்பட்டது. மக்களிடம் கேட்பது மேலிடத்தின் கட்டளையாக மட்டும் இருந்தால், மேலிடம் மாறும்போது அதுவும் போய்விடும் என்பதற்கு இது போதிய சான்று.

இவ்வளவையும் எடுத்துக்கூறியபின், அப்படியாயின் படிவத்தை நிரப்பாமலே விட்டுவிடலாமா என்று எவரேனும் கேட்கக்கூடும். கூடாது என்பதே நமது பதில். அதற்குரிய காரணம் நமது உள்ளூராட்சியின் அண்மை வரலாற்றிலேயே இருக்கிறது. பிரதேச சபைகள் சட்டம் நிறைவேறிய 1987க்குப் பின் யாழ்ப்பாண மாவட்டப் பிரதேச சபைகளுக்குத் தேர்தல் நடந்தது 1998, 2011, 2018, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளில் மாத்திரமே. 2018இல் தெரிவான சபைகளின் ஆயுட்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடத்தப்படவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஓகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட மாகாண சபையின் ஆயுட்காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆக, 2023 மார்ச்சிலிருந்து 2025இன் நடுப்பகுதி வரை எழுவைதீவார் தமது குறையைக் கூறுவதற்குச் சபையிலும் மாகாணத்திலும் தெரிவுசெய்யப்பட்ட ஒரு பிரதிநிதிகூட இருக்கவில்லை. செயலாளரிடம் மனுக் கொடுக்கலாம், அவ்வளவே. வாக்குச்சீட்டு இவ்வளவு அரிதாகக் கிடைக்கும் இடத்தில் கருத்துக் கூறக் கிடைக்கும் எந்தத் தாளையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

அன்றியும் ஒரு சிறு தீவுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ஒரு தேர்தலில் சில நூறு வாக்குகள் பெரிய எடையைப் பெறுவது அரிது. வெளியிடப்படும் ஆய்வில், தனிப்பிரிவாகக் காட்டப்பட்ட சில நூறு பதில்கள் ஒரே திசையில் நின்றால் அவற்றை மறைப்பதும் அரிது. ஆனால் அவர்கள் கட்டங்களில் அடையாளமிட்டதுடன் நின்றுவிடக்கூடாது. பெரும்பாலான படிவங்களின் இறுதியில் வேறு கருத்துகள் என்று இரண்டு மூன்று கோடுகள் விடப்பட்டிருக்கும். எழுவைதீவைப் பொறுத்தவரை ஆய்வு அந்தக் கோடுகளில்தான் ஆரம்பமாகிறது. படகு, வைத்தியர், இறங்குதுறை என அங்கு எழுதவேண்டும். திருப்தியில்லை என்று பொதுவாக எழுதுவதை விட, சென்ற மாதத்தில் எத்தனை நாள் படகு ஓடவில்லை, எத்தனை நாள் வைத்தியர் வரவில்லை என்று எண்ணி எழுதுவது வலிமை மிக்கது. அபிப்பிராயத்துக்கு மறுப்புரை கூறலாம். நாள்கணக்குக்குக் காரணந்தான் கூறவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கடற்றொழிலாளர் சங்கமோ இக்கணக்கை ஒரு கொப்பியில் தொடர்ந்து பதிந்து வந்தால் சபையின் ஆய்வு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

முடிவுகளை வெளியிடாமல் வைத்திருக்கும் சபையிடமிருந்து அவற்றைப் பெறுவதற்கும் இன்று வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபையும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அதிகார சபையே. எழுவைதீவிலிருந்து எத்தனை படிவங்கள் பெறப்பட்டன, அவற்றில் கூறப்பட்டவை எவை, அவற்றின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என எழுத்தில் கேட்டால், பதினான்கு வேலை நாள்களுக்குள் அக்கோரிக்கை மீது தீர்மானம் அறிவிக்கப்படவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் வினவ அதிகாரிக்கு உரிமையில்லை.

சபைகளிடம் நாம் கேட்பது மிகப் பெரிதன்று. தீவுகளுக்கு விடப்படும் படிவத்தில் கடற்பயணத்துக்கென ஒரு பகுதியைச் சேர்க்கட்டும். அதன் மீது தமக்கு அதிகாரம் இல்லையெனில், அதிகாரம் உள்ளவர் யார் என்பதைப் படிவத்திலேயே அச்சிட்டு, பதில்களை அவருக்கு அனுப்பிய திகதியையும் அறிவிக்கட்டும். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் முடிவுகளைத் தனித்தனிப் பக்கத்தில் வெளியிடட்டும். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டிறுதிக்குள் சபையில் நிறைவேறவேண்டும் என்பதால், மக்கள் கூறியது அதில் இடம்பெறவேண்டுமானால் செப்டெம்பருக்குள் ஆய்வை முடித்துவிடட்டும். ஒக்டோபரில் மாரி தொடங்கிவிடும். அதன் பின்னர் எழுவைதீவுக்குப் படிவம் போய்ச் சேருமா, நிரப்பிய படிவம் ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வருமா என்பது படகு ஓடுவதைப் பொறுத்தது.